இறக்கத்தில் விரல் செய்யும் தப்புகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு முதல்முறை சைக்கிளில் இறங்கிய அன்று காலுக்கு வேலையே இல்லை. மொத்தப் பாடும் விரல்களுக்குத்தான். அடிவாரத்தில் நின்றபோது பிரேக்கைப் பிடித்திருந்த விரல்களை நீட்ட முடியவில்லை. மடங்கின வாக்கில் அப்படியே விறைத்துப் போயிருந்தன. ரப்பர் கருகிய வாடை. ரிம்மைத் தொட்டால் தோசைக்கல். இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒருதரம்கூட பிரேக்கை விடாமல் பத்திரமாக வந்துவிட்டோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு. கூட வந்த அண்ணன் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, "டியூப் வெடிக்காம வந்து சேந்தியே, அதுவே பெரிசு" என்றார்.

இறக்கத்தில் விழுகிறவர்கள் எல்லாரும் துணிச்சல்காரர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பயந்தவனும் விழுவான், அவன் விழுகிற விதம் வேறு.

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவதில் என்ன கெடுதல்? ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகப் போதும். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, தேய்த்துக்கொண்டே போனால் அவ்வளவும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். ரிம் சுட்டால் உள்ளே டியூப் சுடும், காற்று விரியும்; மேலே கிளம்பும்போது காற்றை ஏகத்துக்கும் ஏற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். கார்பன் ரிம் போட்டு, அதிலேயே கட்டை பிடிக்கிற வண்டி என்றால் இன்னும் மோசம். டிஸ்க் பிரேக்கும் விதிவிலக்கில்லை, சூடு ஏற ஏற பிடி தளரும். அதனால் நேர் ரோட்டில் விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு விடுங்கள். இந்த விடுகிற நேரத்தில்தான் ரிம் ஆறுகிறது.

தொழில்முறை வீரர்களே இறக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 2003-ல், கேப் என்ற ஊருக்குச் சற்று முன்னால் இருந்த இறக்கத்தில், வெயிலுக்குத் தார் உருகிக் கிடந்தது. ஸ்பெயின் வீரர் ஹோசேபா பெலோகியின் பின்சக்கரம் அதில் வழுக்கியது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு என்று உடைந்தது. பின்னாலேயே வந்த அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் அவர்மேல் ஏறாமல் ஒதுங்கி, வயலுக்குள் இறங்கிக் குறுக்கே ஓட்டி மறுபடி ரோட்டைப் பிடித்தார். நம் மலைப்பாதையில் ஒதுங்க வயல் இல்லை. ஒருபக்கம் பாறை, இன்னொரு பக்கம் தடுப்புச் சுவர்.

அடுத்த தப்பு, எல்லாரும் செய்வது: வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டு, பாதியில் திகிலாகி பிரேக்கை இறுக்குவது. டயருக்கு ரோட்டின்மேல் உள்ள பிடி ஓரளவுதான். சாய்ந்து திரும்புவதற்கே அதில் பெரும்பாலும் செலவாகிவிடும். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைப் பிரேக் கேட்டால் சக்கரம் வழுக்காமல் என்ன செய்யும்? வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

"முன் பிரேக்கைப் பிடிச்சா குப்புற விழுவே" என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்துவிட்டார்கள். பாதி உண்மை. வெடுக்கென்று பிடித்தால் விழலாம். ஆனால் இறக்கத்தில் எடை முன்னால் வந்துவிடுவதால் நிறுத்துகிற சக்தி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது; பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். இடுப்பைச் சீட்டின் பின்னுக்குத் தள்ளி, இரண்டையும் படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். சில வண்டிகளில் மாறியிருக்கும். இரவல் வண்டி என்றால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

கண்ணும் ஏமாற்றும். குழியைப் பார்த்தபடி ஓட்டினால் குழிக்குள்தான் போவீர்கள். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி சுவரை நோக்கி நகரும். வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள், கை தானாகத் திரும்பும். திரும்பும்போது உள்பக்கப் பெடல் மேலே, வெளிப்பக்கக் கால் கீழே. உள்பெடல் தரையில் இடித்தால் பின்சக்கரம் தூக்கிப் போட்டுவிடும்.

ஐம்பதைத் தாண்டிய வேகத்தில் சில வண்டிகளின் ஹேண்டில் திடீரென்று நடுங்க ஆரம்பிக்கும். எனக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது. இறுகப் பிடித்தால் நடுக்கம் கூடும். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு முழங்காலாலும் நடு பாரை அணைத்துக்கொண்டு, மெல்ல பிரேக் போட வேண்டும். ஆட்டம் அடங்கிவிடும்.

இனி குஷியின் பங்கு. பத்து நிமிடம் இறங்கிய பிறகு 50 கிலோமீட்டர் வேகம் 30 மாதிரித் தெரியும். அந்த நேரத்தில்தான் பஸ்ஸை ஒட்டிப் போவது, நடுக்கோட்டைத் தாண்டி வளைவைக் குறுக்கே வெட்டுவது எல்லாம். 60-ல் போனால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கீழிருந்து ஏறிவரும் பஸ்ஸுக்குக் கொண்டை ஊசி வளைவில் ரோடு முழுக்க வேண்டும், ஹாரன் கேட்டால் அது உங்களுக்குத்தான். ஹெட்போன் மாட்டியவருக்கு அதுவும் கேட்காது. 2016 டூர் டி பிரான்ஸில், பெய்ரசூட் மலை இறக்கத்தில் பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் சீட்டை விட்டுவிட்டு நடு பாரின்மேல் குனிந்து உட்கார்ந்து மிதித்தே ஜெயித்தார். பார்க்க அழகுதான். 2021-ல் அப்படி உட்காருவதையே உலக சைக்கிள் சங்கம் போட்டிகளில் தடை செய்துவிட்டது. அதைச் செல்போனில் பார்த்துவிட்டு இங்கே வந்து செய்து பார்க்கிற பையன்களை என்ன சொல்ல!

மழையில் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே பிடியுங்கள். வளைவின் உள் ஓரத்தில் மணலும் லாரி எண்ணெயும் கிடக்கும். பூச்சி கண்ணில் அடிக்கும், கண்ணாடி போடுங்கள். தின்பண்டப் பையை ஹேண்டிலில் தொங்கவிட்டால் குரங்கு விடாது.

பாதி வழியில், பத்தாவது வளைவு தாண்டி, அகலமான ஓரமாகப் பார்த்து நில்லுங்கள். இஸ்திரிப் பெட்டியைச் சோதிக்கிற மாதிரி ஈர விரலால் ரிம்மை லேசாகத் தொடுங்கள். சுர்ரென்றால் ஒரு டீ குடிக்கிற நேரம் உட்காரலாம். டிஸ்க் வண்டி என்றால் தொடவே வேண்டாம். விரலும் வேகும், விரல் பிசுக்கு பட்டு பிரேக்கும் கெடும்.