ரோல்பிளேயில் வில்லனை எழுதுவது: தண்ணீர் லாரி ஏகாம்பரத்தை முன்வைத்து

சிறுகதையில் வில்லன் என்ன செய்வான் என்பதைக் கடைசி வரி வரையில் எழுதுகிறவரே தீர்மானிக்கலாம். இருவர் மாறி மாறி எழுதும் ரோல்பிளேயில் அந்த வசதி கிடையாது; எதிரே எழுதுகிறவர் தம் பாத்திரத்தை எந்தப் பக்கம் திருப்புவார் என்பது, அவருடைய அடுத்த பத்தி வந்து சேரும்வரை நமக்குத் தெரியாது. ஆகவே வில்லனுக்குக் கதைத் திட்டம் வகுத்து வைப்பதைவிட, எங்கே கொண்டு நிறுத்தினாலும் அவன் எப்படி முடிவெடுப்பான் என்பதைத் தெரிந்து வைத்திருப்பதே கைகொடுக்கும். பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். சிற்றன்னையின் கொடுமை, தகப்பனின் குடி, பள்ளியில் பட்ட அவமானம் என்று பக்கம் பக்கமாக முன்கதை எழுதிவிட்டு, முதல் உரையாடலில் அவனை என்ன பேசவைப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

சென்னைக்குள்ளேயே ஒரு வில்லனை உருவாக்கிப் பார்க்கலாம். வில்லன் என்றதும் காசிமேட்டையும் வியாசர்பாடியையும் நோக்கிக் கை நீளும் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைப்போம். அந்தப் பகுதி மக்கள் சினிமாவிடம் பட்டது போதும். காலம் 2019 கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், பழைய மாமல்லபுரம் சாலையில் சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன நாட்கள் அவை. நம் கற்பனை மனிதர் ஏகாம்பரத்துக்கு வயது 52. பள்ளிக்கரணைப் பக்கம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நான்கு வைத்திருக்கிறார். புறநகர்க் கிணறுகளில் இறைத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு விற்கிறார். அரிவாளைத் தொட்டவரல்லர், யாரையும் கைநீட்டி அடித்தவரும் அல்லர்.

முதலில் அவருடைய நியாயத்தை அவர் வாயாலேயே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ‘நாலு லாரிக்கும் டியூ கட்றேன். டிரைவருக்கு பேட்டா, கெணத்துக்காரனுக்கு லோடுக்கு இவ்ளோன்னு ரொக்கம், வழியில கைய நீட்றவங்களுக்குத் தனி. நான் ஏத்தலன்னா உங்க கொழாயில தண்ணி வந்துடுமா?’ வாசிக்கிறவர் பாதிக்காவது தலையாட்ட வேண்டும். அப்படி ஆட்டவில்லையென்றால் நீங்கள் இன்னும் வெளியே நின்றுகொண்டுதான் அவரைப் பார்க்கிறீர்கள். எழுதி முடித்த பிறகு, அவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்று தேடுங்கள். இரவு முழுவதும் மோட்டார் ஓடியதால் பக்கத்து வயலின் கிணறும் கிராமத்துக் கைப்பம்புகளும் வற்றிப்போனதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இராது. அவர் தவிர்க்கும் இந்த இடத்தில்தான் அவருடைய குணம் பிடிபடும்.

அடுத்த பயிற்சிக்குத் தெருக்கூத்து நல்ல வழிகாட்டி. திரைக்குப் பின்னால் நின்று வேடம் தன் பெருமையைப் பாடி முடித்தபின், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் எதிரே வந்து, அரசன் என்றும் பாராமல் நீ யார், எதற்கு வந்தாய் என்று குடைவான். அவனைப் போலவே நீங்களும் கேள்வி கேட்டு, ஏகாம்பரமாக மாறிப் பதிலும் எழுத வேண்டும். பிறந்த தேதி, பிடித்த நிறம் போன்ற கேள்விகளால் ஒன்றும் கிடைக்காது. யார் வந்தால் காலை மடக்கிக்கொண்டு உட்காருவீர், யாரிடம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க மாட்டீர், ஒற்றை லாரி வைத்திருக்கும் சின்னப் பையன் விலையைக் குறைத்தால் அவனை என்ன செய்வீர் என்று கேட்டால் மனிதர் வெளியே வருவார். நான் கேட்டபோது கிடைத்த பதில்கள் இவை: அவர் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை, தாமதப்படுத்துவார், கோபம் ஏற ஏறக் குரல் தாழும், மரியாதை கூடும், சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் காசு வாங்காமல் ஒரு லோடு அனுப்பிவிடுவார். இந்த இரக்கத்தை வில்லன்மீது ஒட்டிய அலங்காரமாக நினைக்கக்கூடாது. ஊர் தன்னை எதிர்பார்த்து நிற்கவேண்டும் என்ற ஆசைதான் அவரை விலையேற்ற வைக்கிறது, அதுவேதான் சாவு வீட்டுக்கும் லாரியை அனுப்புகிறது.

இப்போது எதிரே எழுதுகிறவர் வருகிறார். அவருடைய பாத்திரம் வேளச்சேரிக் குடியிருப்பு ஒன்றின் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டருடன் முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்த 2019 ஜூலை 12 அன்று, இனிமேல் இந்த விலைக்கு ஒத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார். நம் பத்தி இப்படி அமையலாம்:

ஏகாம்பரம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ‘ஒக்காருங்க சார். ரயில் வரட்டும், நல்லதுதானே. வில்லிவாக்கத்துல எறங்கற தண்ணி வேளச்சேரிக்கு என்னிக்கு வருதுன்னு சொல்லுங்க, அன்னிக்கே லாரிய நிறுத்திக்கறேன் சார். அதுவரைக்கும்... உங்க சம்ப்புல இப்ப எவ்ளோ சார் கெடக்கு?’

மிரட்டல் என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. கடைசிக் கேள்வியே மிரட்டல். மூன்று ‘சார்’களும் கோபத்தின் அளவைக் காட்டுகின்றன. முக்கியமாக, செயலாளர் பயந்தார் என்றோ அவருக்கு வியர்த்தது என்றோ நாம் எழுதவில்லை. அவர் பயப்படுவதும் சிரித்துவிட்டு எழுந்து போவதும் எதிரே எழுதுகிறவரின் உரிமை. இந்த எல்லையை மீறுகிறவர்களோடு யாரும் நெடுநாள் எழுதுவதில்லை. அதேபோல், ஏகாம்பரம் யாரை எப்போது ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறக்குவார் என்பதை முன்பே முடிவு செய்து, அந்த ஓர் இடத்துக்காகவே சேமித்து வையுங்கள்.

கொடுமை எந்த அளவுக்குப் போகலாம் என்பதை ஆட்டத்துக்கு வெளியே, சொந்தப் பெயரில் பேசி ஒத்துக்கொள்வது நல்லது. திரையில் தலைமுறைகளே வெறுத்த எம். என். நம்பியார், வெளியே பலரைச் சபரிமலைக்கு அழைத்துச் சென்ற குருசாமி. ரோல்பிளே எழுதுகிறவருக்கும் அந்தப் பிரிவு வேண்டும். வில்லன் அவமானப்பட்டால் தமக்கே பட்டதுபோல் சுருங்குகிறவர் வில்லனை எடுக்காமல் இருப்பதே மேல்.

ஏனெனில் வில்லன் தோற்றாக வேண்டிய கட்டம் வரும். சாவு வீட்டு விஷயம் செயலாளர் காதுக்கு எட்டி, அவர் பொய்யாக ஒரு சாவைச் சொல்லி லாரியை வரவழைத்துவிட்டால், பொய் என்று உள்ளூரத் தெரிந்தும் ஏகாம்பரம் அனுப்பித்தான் தீரவேண்டும். ஊரார் முன்னால் அதை மறுக்கிற மனிதராக நாம் அவரை எழுதவில்லை. அந்த நேரத்தில் டிரைவருக்குத் திடீர்க் காய்ச்சல், டயர் பஞ்சர் என்று எதையாவது நுழைத்து அவரைக் காப்பாற்றினால், எதிரே எழுதுகிறவருக்கு அடுத்த பத்தி அனுப்பக் காரணமே இராது. லாரியை அனுப்பிவிட்டு, அதற்கான கணக்கை எப்போது, எந்தத் தொனியில் கேட்பார் என்று யோசிக்கத் தொடங்குங்கள்.