சைக்கிளுக்கு வீதியில் இடம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை சைக்கிளுக்கு வாய்த்த ஊர். உவர்மலை ஏற்றத்தை விட்டால் நகரம் பெரும்பாலும் தட்டை நிலம். சந்தை, பஸ் நிலையம், பாடசாலைகள், கோயில்கள் எல்லாம் கிட்டக்கிட்ட. உப்புவெளியிலிருந்து நிதானமாக மிதித்தாலும் அரை மணித்தியாலத்துக்குள் நகருக்குள் வந்துவிடலாம். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் பாதை வரையச் சொன்னால், புதிதாக வேலைக்கு வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் திட்டமிடல் படிக்கும் பிள்ளைகளும் கொண்டுவரும் வரைபடங்களில் ஒரே தவறுகள்தான் திரும்பத் திரும்ப விழுகின்றன. இத்துறையில் பழகியவர்கள் முன்னொரு காலத்தில் வரைந்து, பிறகு அழித்த அதே கோடுகள்.

பாதையின் நடுவில் மின்கம்பத்தை விடுவது, அம்புக்குறியைத் திசைமாற்றி வரைவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை யார் கண்ணுக்கும் தெரியும். தெரியாமல் உள்ளே புகுந்து, காசையும் ஆட்களின் கைகால்களையும் தின்னும் தவறுகளைப் பார்ப்போம்.

எண்ணிக்கையைத் தவறான நேரத்தில் எடுப்பது

காலை 8 மணியிலிருந்து 10 மணிவரை சந்தியில் நின்று எண்ணிவிட்டு, "இந்த வீதியில் சைக்கிள் குறைவு" என்று எழுதிவிடுகிறார்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. மீன்காரர் விடிய முன்னரே காரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்னேரம் ரியூசன் பிள்ளைகள், சனி ஞாயிறில் அவர்களே இன்னொரு மடங்கு. ஆகவே அதிகாலை 5 முதல் 7.45 வரை, பகல் 1 முதல் 2.30 வரை, பின்னேரம் 3 முதல் 7 வரை எண்ண வேண்டும். ஒரு கிழமை நாள், ஒரு வெள்ளி, ஒரு சனி என்று குறைந்தது மூன்று நாட்கள். பெண்கள் எத்தனை பேர், பிள்ளைகள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். அந்த இரண்டு எண்களும் மிகக் குறைவாக இருந்தால் அந்த வீதி பயமான வீதி. அங்கேதான் வேலை அதிகம்.

கான் மூடியைச் சைக்கிள் பாதை ஆக்குவது

எல்லாவற்றிலும் செலவு வைக்கும் தவறு இதுதான். இதைப் பார்க்கும்போது வரும் எரிச்சல் இன்னும் குறையவில்லை.

இது ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது விளங்காததல்ல. காணி எடுக்கத் தேவையில்லை. வாகனங்களுக்கு இருக்கும் இடத்தில் ஒரு அங்குலமும் குறையாது. வீதியோரத்தில் மழைநீர் போகும் கான் ஏற்கெனவே ஓடுகிறது. அதன் மேல் கொங்கிறீட் மூடி போட்டு, சைக்கிள் படம் வரைந்துவிட்டால் "பாதை" கிடைத்துவிடுகிறது. வரைபடத்தில் அழகாகவும் இருக்கும்.

இனி அந்த மூடியைப் பாருங்கள். 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. தடிப்பு என்று எடுத்துக்கொண்டால் ஒன்றின் எடை 130 கிலோ அளவில் வரும். வரிசையாக வைக்கும்போது 60 செ.மீ.க்கு ஒரு பொருத்து. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு வினாடிக்குள் ஏழு பொருத்துகளைக் கடக்கும். மூடிகள் ஒரே மட்டத்தில் இருந்தாலே கை விறைக்கும். அரை அங்குலம் ஏற்ற இறக்கம் வந்தால் காரியரில் கட்டிய ரெஜிபோம் பெட்டி கழன்றுவிடும், றிம் நெளியும். மூடியைத் தூக்க விட்ட ஓட்டைகள் வேறு.

அகலம் இரண்டாவது பிரச்சினை. சாதாரணச் சைக்கிளின் ஹாண்டில் 60 முதல் 65 செ.மீ. யாரும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓட்டுவதில்லை. இருபுறமும் ஆடும் ஆட்டத்தைச் சேர்த்தால் ஒருவருக்குக் குறைந்தது 1 மீற்றர் வேண்டும். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கரைக்கல் உயரத்திலிருந்து வீதிக்கு இறக்கம் என்றால் இரண்டிலிருந்தும் கொஞ்சம் தள்ளித்தான் ஓட்டுவார்கள். 90 செ.மீ. மூடியில் மிஞ்சுவது நடக்கக்கூடக் காணாத இடம்.

மூன்றாவது, படலைகள். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் கடை வாசலிலும் வாகனம் கானைக் கடக்கிறது. நடப்பவருக்காக வார்த்த மூடியில் லொறியின் பின்சில்லு ஏறினால் அது வெடிக்கும். வெடித்த மூடியின் கம்பி வெளியே நிற்கும். சில இடங்களில் வீட்டுக்காரரே தன் வாசலுக்கு மேடாகக் கொங்கிறீட் போட்டுவிடுவார். பாதை இருபது மீற்றருக்கு ஒருமுறை ஏறி இறங்கும்.

நான்காவது மழை. எங்கள் பக்கத்தில் ஐப்பசி தொடங்கித் தை வரைதான் பெருமழை. அதற்கு முன்னர் கானைத் துப்புரவாக்க மூடிகளைத் தூக்க வேண்டும். தூக்கிய மூடி திரும்ப அதே மட்டத்தில் உட்காராது, அடியில் மணல் நின்றுவிடும். சில மூடிகள் திரும்ப வைக்கப்படுவதே இல்லை. வெள்ளம் நிற்கும் இரவில் வாய் திறந்த கானும் மூடிய கானும் ஒன்றுபோலத் தெரியும். கால் முறிவது அப்படித்தான்.

இவ்வளவும் நடந்த பிறகு சைக்கிள்காரர் வீதிக்கே இறங்கிவிடுவார். உடனே பின்னால் வரும் பஸ் சாரதி, "உனக்குத்தான் பாதை போட்டிருக்கே" என்று ஹோர்ன் அடிப்பார். பாதை போடுவதற்கு முன்னர் இருந்ததைவிட அவர் நிலைமை மோசம். செலவழித்த காசு திரும்பாது. "போட்டுக் கொடுத்தோம், ஒருவரும் பாவிக்கவில்லை" என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிடும். அடுத்த திட்டத்தைக் கேட்க வாய் திறக்க முடியாது.

சரியான முறை இது. கானைக் கானாகவும் நடைபாதையாகவும் விடுங்கள். சைக்கிளுக்கு இடத்தைத் தார்ப் பரப்பிலிருந்து எடுங்கள். தார் அகலம் 10 மீற்றர் என்றால் வாகனங்களுக்கு 3 மீற்றர் வீதம் இரண்டு, சைக்கிளுக்கு 1.5 மீற்றர் வீதம் இரண்டு, இடையில் பிரிக்க அரை மீற்றர் வீதம் இரண்டு. கணக்குச் சரி. பஸ்ஸின் உடல் அகலம் 2.5 மீற்றர்தான், 3 மீற்றர் போதும். தார் அகலம் 7 மீற்றருக்குள் என்றால் தனிப்பாதை கேட்கவே வேண்டாம். வேகத்தை 30 கி.மீ.க்கு இறக்குங்கள், நடுக்கோட்டை அழித்துவிடுங்கள், 80 முதல் 100 மீற்றருக்கு ஒரு வேகத்தடை போடுங்கள். பழைய நகர்ப்பகுதியின் குறுக்கு வீதிகளுக்கு அதுதான் பொருந்தும்.

வேறு வழியே இல்லை, கானின் மேல்தான் போக வேண்டும் என்றால் தனித்தனி மூடிகள் கூடாது. லொறி ஏறினாலும் தாங்கும்படி தொடர்ச்சியான கொங்கிறீட் தட்டை அவ்விடத்திலேயே வார்த்துவிடுங்கள். துப்புரவு வாய்களைச் சில்லு ஓடும் கோட்டுக்கு வெளியே ஒதுக்குங்கள். தண்ணீர் உள்ளே போகும் வழியை மேலே வைக்காமல் கரைக்கல்லின் பக்கவாட்டில் வெட்டுங்கள். மேலே தார் போடுங்கள், 2 சதவீதச் சரிவு விடுங்கள். பிறகு 3 மீற்றர் நேர்ச்சட்டத்தைப் படுக்கவைத்துப் பாருங்கள். அடியில் 5 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தைத் திரும்பச் செய்விக்க வேண்டும்.

இரும்புக் கிராதி எங்காவது வந்தால் கம்பிகள் பயணத் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் மெல்லிய சில்லு உள்ளே இறங்கி நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போவார்.

சந்தியில் பாதையைக் கைவிடுவது

சந்திக்கு முப்பது மீற்றர் முன்னால் கோடு முடிகிறது, சந்தி தாண்டித் திரும்பத் தொடங்குகிறது. உண்மையான ஆபத்து அந்த இடைவெளியில்தான். நாம் இடது பக்கம் ஓடும் நாட்டில் நேரே போகும் சைக்கிளை இடப்பக்கம் திரும்பும் வாகனம் வெட்டுவதே முக்கிய விபத்து. அநுராதபுரச் சந்தி போல லொறியும் பஸ்ஸும் திரும்பும் இடங்களில் இதை வரைபடத்தின் முதல் நாளே தீர்க்க வேண்டும்.

சிறு வீதி பெரு வீதியோடு சேரும் மூலையின் வளைவை 3 முதல் 5 மீற்றர் ஆரைக்குச் சுருக்குங்கள். அகன்ற வளைவில் ஓட்டோ வேகம் குறைக்காமலே திரும்பும். பாதை அந்த வாயைக் கடக்கும் இடத்தை 10 செ.மீ. உயர்த்தி, வாகனம் ஏறி இறங்கும்படி செய்யுங்கள். இடம் இருந்தால் கடக்கும் இடத்தை ஒரு கார் நீளம், ஏறக்குறைய 5 மீற்றர், உள்ளே தள்ளுங்கள். திரும்பிய கார் அங்கே நின்று சைக்கிளைப் பார்த்துவிட்டுப் போகும்.

பாதை வீதிக்கு இறங்கும் இடத்தில் கரைக்கல்லின் உதடு பூச்சியமாக இருக்க வேண்டும். இரண்டு செ.மீ. பரவாயில்லை என்பார்கள். சரிவாக வந்து அதில் ஏறும் சில்லு வழுக்கும்.

தரித்த வாகனங்களை ஒட்டிக் கோடு போடுவது

கார்க் கதவு ஏறக்குறைய ஒரு மீற்றர் திறக்கும். தரிப்பிடத்துக்கும் பாதைக்கும் இடையே குறைந்தது அந்த ஒரு மீற்றரை விடுங்கள். இடம் இல்லாவிட்டால் ஒரு பக்கத் தரிப்பிடத்தை எடுங்கள். கடைக்காரர்கள் கோபிப்பார்கள். சாமான் இறக்கும் நேரத்தைக் காலையில் தனியாகக் கொடுத்துப் பேசினால் வழி பிறக்கும்.

பாதை முழுக்கப் பச்சைப் பூச்சு

நனைந்தால் வழுக்கும். சந்திகளில் மட்டும், கரட்டு மணல் கலந்து பூசுங்கள்.

காற்றையும் ஏற்றத்தையும் மறப்பது

வைகாசி தொடங்கி ஆவணிவரை கச்சான் காற்று அடிக்கும். உட்துறைமுக வீதி போல நீர்ப்பக்கம் திறந்து கிடக்கும் இடங்களில் பக்கக் காற்று சைக்கிளைத் தள்ளும். அங்கே 1.5 மீற்றர் போதாது, 2 மீற்றர் கொடுங்கள். உவர்மலை ஏற்றத்தில் ஒரு பக்கத்துக்குத்தான் இடம் இருக்கிறதென்றால் ஏறும் பக்கத்துக்கே கொடுங்கள். ஏறுபவர் மெதுவாக, ஆடி ஆடிப் போவார். இறங்குபவர் வாகனங்களோடு சேர்ந்தே போய்விடலாம்.

நிழல் இல்லாத பாதையைப் பதினொரு மணிக்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். கரையோரத்துக்குப் பூவரசு நல்லது, உப்புக் காற்றைத் தாங்கும். உள்ளே வேம்பு. வாகையின் வேர் மேலே ஓடித் தாரைக் கிளப்பும், பாதையை ஒட்டி வைக்க வேண்டாம். பின்னேர வெயிலை மறைக்க வீதியின் மேற்குப் பக்கத்தில் நடுங்கள்.

கழற்ற முடியாத கம்பங்கள்

சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வருவார். அம்பாள் தேர் ஓடும் வீதிகளும் உண்டு. அந்த வீதிகளில் நிலையான கொங்கிறீட் பிரிப்பான் வைத்தால் திருவிழாவுக்கு முதல் நாள் அலவாங்கால் உடைப்பார்கள், அது நியாயமும்கூட. பூட்டிக் கழற்றும் கம்பங்களைப் போடுங்கள். இடைவெளி 1.5 மீற்றர் இருந்தால் சைக்கிள் போகும், கார் புகாது. கம்பம் வெள்ளை நிறத்தில், ஒளி தெறிக்கும் பட்டையோடு இருக்க வேண்டும். கட்டாக்காலி மாடுகளும் மான்களும் இரவில் வீதியில் படுக்கும் ஊரில் விளக்கு பாதைக்கு நேர் மேலே, மரக் கிளைக்குக் கீழே வர வேண்டும்.

வீதியை ஒருவழிப்பாதை ஆக்கும்போது சைக்கிளையும் சேர்த்துத் திருப்புவது

"சைக்கிள் தவிர" என்ற பலகை ஒன்று போதும்.

முன்சில்லைச் செருகும் தரிப்பிடம்

றிம்மை வளைக்கும், பூட்டவும் முடியாது. 75 செ.மீ. உயரத்தில் கவிழ்த்த "ப" வடிவக் குழாய் போடுங்கள், ஒன்றுக்கு இரண்டு சைக்கிள். ஒன்றிலிருந்து மற்றதற்கு 90 செ.மீ. கடற்கரை நகரத்தில் சும்மா இரும்புக்குப் பெயின்ட் அடித்தால் துரு விரைவில் தின்றுவிடும், நாகமுலாம் பூசியதையே கேளுங்கள்.

வீதி யாருடையது என்று பாராமல் தொடங்குவது

ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. நகருக்குள் வரும் ஏ6, ஏ12 இரண்டும் அதில் அடங்கும். சி, டி வகுப்பு மாகாணத்துக்கு, ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைக்கு. ஒரே பாதை இந்த மூன்றையும் தொட்டால் மூன்று இடத்திலும் எழுத்தில் சம்மதம் வேண்டும். நீர் வழங்கல் சபைக்கும் மின்சாரம் வழங்குவோருக்கும் அறிவித்து, குழாயோ கம்பியோ போட இருந்தால் தார் போட முன்னரே வெட்டச் சொல்லுங்கள். ஒட்டுப்போட்ட வெட்டு எப்போதும் இடப்பக்க ஓரத்தில்தான் விழும், சைக்கிள் ஓடுவதும் அங்கேதான்.

ஒப்பந்தத்தில் நிறுத்திவைக்கும் பணத்தை ஒரு மாரி கழியும்வரை விடுவிக்காதீர்கள். மார்கழியில் மழை விட்ட அன்று பின்னேரம், காரியரில் இருபது கிலோ கட்டிய சாதாரணச் சைக்கிளில் ஒருவரை முழுப் பாதையும் ஓடவிட்டு, அவர் வீதிக்கு இறங்கிய ஒவ்வொரு இடத்தையும் சுண்ணாம்பால் குறியுங்கள். திருத்த வேண்டிய பட்டியல் அதுதான்.