விக்கிப்பீடியாவில் நம்மைப் பற்றி நாமே எழுதலாமா?

தமிழ் விக்கிப்பீடியாவில் புதிதாகக் கணக்குத் தொடங்கும் பலர் முதலில் எழுதுவது தங்களைப் பற்றித்தான். இல்லையென்றால் அப்பாவைப் பற்றி, படித்த கல்லூரியைப் பற்றி, வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றி. கொஞ்ச நேரத்தில் கட்டுரையின் மேலே இதை நீக்கலாம் என்று சொல்லும் அறிவிப்பு (நீக்கல் வார்ப்புரு) வந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுதியவருக்கு மனம் நோகிறது. "நான் எழுதியதில் எது பொய்?" என்று, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் கேட்கிறார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் பொய் எதுவும் இருப்பதில்லை. அதை வேறு யாரும் எங்கும் எழுதியிருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

விக்கிப்பீடியா எதையும் முதன்முதலில் சொல்லும் இடம் அல்ல. சம்பந்தப்பட்டவரைச் சாராத பிறர் பொறுப்போடு வெளியிட்டதைத் தொகுத்துச் சொல்லும் இடம். அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத், தம் நாவல் ஒன்று எதிலிருந்து பிறந்தது என்று ஆங்கில விக்கிப்பீடியா சொன்னது தவறு, திருத்துங்கள் என்று கேட்டார். எழுதியவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்று பதில் வந்தது. 2012 செப்டம்பரில் நியூ யார்க்கர் தளத்தில் அவர் திறந்த மடல் எழுதினார். பிறகு அந்த மடலையே சான்றாகக் காட்டி அவருடைய விளக்கம் கட்டுரையில் சேர்ந்தது. கேட்பதற்கு வீம்பாகத் தோன்றலாம். ஆனால் இணையத்தில் "நான்தான் அவர்" என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். வெளியான மடலை வாசகர் எவரும் திறந்து சரிபார்க்கலாம்.

விக்கிப்பீடியாவின் நிறுவனருக்கும் இதில் விலக்கு இல்லை. தம்மைப் பற்றிய கட்டுரையில் லாரி சாங்கரை இணை நிறுவனர் என்று குறித்த இடங்களை ஜிம்மி வேல்ஸ் மாற்றியது, ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டும் பக்க வரலாற்றில் அப்படியே பதிவாகியிருந்தது. 2005இல் அது செய்தியாகி, அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தனக்கு நெருக்கமானதைப் பற்றித் தானே எழுதும்போது நடுநிலை கெடுவதைத்தான் விக்கியில் நலமுரண் என்கிறார்கள். உங்களுக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றிய கட்டுரையில் பிழை இருந்தால், அதன் பேச்சுப் பக்கத்தில் நீங்கள் யார் என்று சொல்லி, சான்றைக் காட்டித் திருத்தம் கேளுங்கள். சம்பளத்துக்கோ கட்டணத்துக்கோ எழுதுபவர் என்றால், யாருக்காக எழுதுகிறீர்கள் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளே சொல்கின்றன.

பணம் கொடுத்தால் பக்கம் போட்டுத் தருகிறோம் என்பவர்களை நம்பி ஏமாறாதீர்கள். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா ஒரே வலையைச் சேர்ந்த 381 கணக்குகளைத் தடை செய்தது. கட்டுரை நிராகரிக்கப்பட்டவர்களையே அந்தக் கூட்டம் தேடிப் பிடித்தது. ஏற்றித் தரப் பணம் வாங்கியது. பிறகு அது நீக்கப்படாமல் பார்த்துக்கொள்ள மாதாமாதம் கேட்டது. பிடிபட்டபோது 200க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன. இணைப்புக் கொடுத்தால் கூகுள் தேடலில் தளம் மேலே வரும் என்ற ஆசையும் வீண். வெளியிணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற குறி விக்கிப்பீடியாவில் உண்டு.

அடுத்தது நடை. 'தன்னிகரற்ற', 'கல்விச் செம்மல்', 'திரு ... அவர்கள்' எல்லாம் மேடைக்கும் வாழ்த்துமடலுக்கும் உரியவை. பெயரடைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். எந்த ஆண்டில், எந்த ஊரில், என்ன செய்தார் என்பது மிஞ்சினால் கட்டுரை நிற்கும்.

ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவது சான்றில்தான். நூலின் அணிந்துரையைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அணிந்துரை நூலாசிரியர் கேட்டு வாங்கியது. மணிவிழா மலர் பாராட்டுவதற்காகவே அச்சிடப்படுவது. நேர்காணல் அவருடைய சொந்தக் கூற்று: பிறந்த ஊருக்குப் போதும், 'முதன்முதலில் செய்தவர்' என்பதற்குப் போதாது. காசு கட்டிப் பெறும் கௌரவ டாக்டர் பட்டமும் சாதனைச் சான்றிதழும் குறிப்பிடத்தக்கமையை, அதாவது ஒருவர் தனிக் கட்டுரைக்கு உரியவர் என்பதை, நிறுவ மாட்டா. நாளிதழில் வந்ததே என்பார்கள். விளம்பரச் சிறப்புப் பக்கமும், நிறுவனம் அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்ட செய்தியும் நாளிதழில்தான் வருகின்றன. கீழே நிருபர் பெயர் இருக்கிறதா, மற்றவர் யாரிடமாவது கேட்டு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர் மட்டும் ஒரு வரியில் வந்துபோகும் பத்து இணைப்புகளை அடுக்குவதைவிட, அவரைப் பற்றியே விரிவாக எழுதப்பட்ட இரண்டு கட்டுரைகள் மேல்.

விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதையே விக்கிப்பீடியாவுக்குச் சான்றாக்குவது இன்னொரு பொறி. தென் அமெரிக்காவில் வாழும் கோட்டி என்னும் விலங்குக்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றும் பெயருண்டு என 2008இல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாகச் சேர்த்தார். செய்தித்தாள்களும் நூல்களும் அதை எடுத்தாண்டன. பின்னர் அவையே அந்த வரிக்கு ஆதாரமாயின. 2014இல்தான் உண்மை வெளியே வந்தது. தமிழில் ஊர்ப் பெயர்க் காரணங்கள் இப்படித்தான் பரவுகின்றன. கோயில் கட்டுரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். தலபுராணத்தை 'புராணம் இவ்வாறு கூறுகிறது' என்று எழுதலாம். கோயிலின் காலத்துக்கு அது சான்றாகாது. அதற்குத் தொல்லியல் துறை பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதிகள் இருக்கின்றன. கல்வெட்டை நீங்களே படித்து முடிவு சொல்வதும் கூடாது, அது சொந்த ஆய்வாகிவிடும்.

உயிரோடிருப்பவர்கள் பற்றியவற்றில் கண்டிப்பு இன்னும் அதிகம். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்ற பொய், 2005இல் நான்கு மாதம் யாரும் கவனிக்காமல் கிடந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத நூலுக்கும் பக்க எண் தருகின்றன. நீங்கள் கண்ணால் பார்க்காத எதையும் மேற்கோளாகச் சேர்க்காதீர்கள்.

இந்த விதிகளால் இழப்பு நேராமல் இல்லை. இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்டு பற்றிய வரைவு, அவரைச் சாராத பிறர் எழுதிய போதிய சான்று இல்லை என்று 2018 மே மாதம் நிராகரிக்கப்பட்டது. அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். உலகம் அவரைப் பற்றி எழுதாமல் விட்டதன் நிழல் விக்கியிலும் விழுந்தது. நம் மொழியில் இந்த நிழல் மிக நீளமானது. எத்தனை கூத்துக் கலைஞர்கள், எத்தனை மொழிபெயர்ப்பாளர்கள், சிற்றிதழ்களில் எழுதி மறைந்த எத்தனை பெண்கள்! இவர்களுக்காக விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்பதில் பயனில்லை. சான்றைத் தேடிப் போக வேண்டும்.

அச்சில் வந்ததும் முழுமையான சான்றுதான். இணைய இணைப்பு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம் அல்லது இதழ், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் 'நூலகம்' என்னும் இணையதளத்தை வீட்டிலிருந்தே அலசலாம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. எங்கும் எதுவும் கிடைக்கவில்லையா? அந்தக் கலைஞரை நேரில் கண்டு, விசாரித்து, ஆசிரியர் குழு உள்ள ஓர் இதழில் கட்டுரையாக எழுதுங்கள். நாளை விக்கியில் இன்னொருவர் அதை மேற்கோள் காட்டுவார்.

கட்டுரை நீக்கப்பட்டுவிட்டால் வேறு பெயரில் கணக்குத் திறந்து மறுபடி ஏற்றாதீர்கள். அது கணக்குத் தடையில் போய் முடியும். நீக்கிய நிருவாகியிடம் காரணம் கேளுங்கள். பெரும்பாலோர் பொறுமையாக விளக்குவார்கள். வரைவை எழுதிப் பழகுவதற்கான உங்கள் மணல்தொட்டிப் பக்கத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டு, சான்று கிடைக்கும்வரை அங்கே வைத்திருக்கலாம்.