உலர்த்தியில் கரையும் காசு: கடதாசிப் பட்டறை தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைப் பக்கம் கழிவுக் கடதாசியை வைத்து ஏதாவது தொழில் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு மெனு அட்டை, கடைகளுக்குப் பை, கல்யாணத்துக்கு அழைப்பிதழ். நல்ல விஷயம்தான். ஆனால் வருகிற எல்லோரும் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். பாதிக் குழிகள் எனக்கும் பழக்கமானவை என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பின்னைக் கழற்றுங்கள், பொலித்தீன் ஒட்டிய அட்டையைப் பிரித்துப் போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை முதல் வாரத்திலேயே, அரைத்த கடதாசிக் கூழைத் தாளாக அள்ளுகிற வலையே உங்களுக்குச் சொல்லித் தந்துவிடும்.

தட்டுப்பாட்டு விலையைப் பார்த்து இறங்குவது

2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திப் போட்டார்கள். அந்த நேரத்து விலையைக் கணக்கில் வைத்துத் தொழில் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். கப்பல் வந்தது, விலை இறங்கியது, கணக்கும் படுத்துவிட்டது. கையால் எடுக்கும் தாள் ஒருபோதும் இறக்குமதி ஏ4 தாளோடு விலையில் மோத முடியாது. கிலோக் கணக்கில் விற்க நினைக்காதீர்கள். பொருளாக்கி, ஒன்று ஒன்றாக விற்பதுதான் வழி.

“வைக்கோல் சும்மாதானே கிடைக்குது”

கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோல் எரிவதைப் பார்க்கிற எவருக்கும் இந்த யோசனை வரும். 1950களின் நடுவில் வாழைச்சேனைக் கடதாசி ஆலையைத் தொடங்கியவர்களும் வைக்கோலை நம்பித்தான் தொடங்கினார்கள். யோசனையில் பிழையில்லை, வேதியியலில்தான் சிக்கல். வைக்கோலிலிருந்து நாரைப் பிரிக்க கோஸ்டிக் சோடாவில் அவிக்க வேண்டும். அவித்ததும் மிஞ்சுகிற கறுப்புத் திரவத்தை, மரத்திலிருந்து கடதாசி செய்யும் பெரிய ஆலைகள் வற்றவைத்து, எரித்து, வெப்பத்தையும் சோடாவையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அவர்களின் லாபமே அங்கேதான் இருக்கிறது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம். அது திரவத்தில் கரைந்து வந்து, வற்றவைக்கும் குழாய்களில் கல்லாகப் படிகிறது. அதனால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. ஆலைக்கே அப்படி என்றால், கொல்லையில் ஒரு பீப்பாயை வைத்து அவிக்கிறவர் அந்தத் தண்ணீரை எங்கே விடப் போகிறார்? வயலுக்கா, குளத்துக்கா?

அலங்காரத்துக்காகக் கொஞ்சம் வைக்கோலை நறுக்கிக் கூழில் தூவுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரும்புச் சக்கை

சக்கை தர வேண்டிய கந்தளாய்ச் சீனி ஆலை ஓடி எத்தனையோ வருடமாகிறது, அந்தக் கனவு வேண்டாம்.

பிரஸ்ஸுக்கு (தாளைப் பிழியும் அழுத்திக்கு) முன் உலர்த்தியை வாங்குவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற இடம்.

கச்சான் (தென்மேற்குக்) காற்று அடிக்கிற மாதங்களில் இங்கே எவருக்கும் உலர்த்துவது ஒரு பிரச்சினையே இல்லை. காலையில் விரித்த தாள் மத்தியானத்துக்குள் சலசலக்கும். பழகுகிறவர்கள் அந்தக் காலத்தில் பழகுகிறார்கள், ஓடர் எடுக்கிறார்கள். பிறகு கார்த்திகை மழை பிடிக்கிறது. தாள் மூன்று நாளாகியும் காயவில்லை, ஓரத்தில் பூஞ்சணம், ஓடர் கொடுத்தவர் தொலைபேசியில். உடனே எடுக்கிற முடிவு: கடன் எடுத்தாவது ஒரு காஸ் உலர்த்தி.

சீனக்குடாவில் ஒரு தம்பி அப்படித்தான் ஒன்றை இறக்கினான். துருப்பிடிக்காத எஃகுப் பெட்டி, உள்ளே தட்டுத் தட்டாக, முன்னால் பச்சை எழுத்தில் வெப்பநிலை காட்டும். பார்க்க அழகு. போய்ப் பார்த்தபோது அவன் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த தாளின் மூலையை விரலால் அழுத்தினேன். விரலைச் சுற்றித் தண்ணீர் குளம் கட்டியது. “பிரஸ் எங்கே தம்பி?” என்று கேட்டேன். பலகை வைத்து அதன் மேல் ஏறி நிற்கிறார்களாம். “அது போதும் அண்ணை, மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்” என்றான். மெஷின் பார்த்துக்கொள்ளும், சரி. காஸுக்கு யார் காசு கொடுப்பது?

கணக்கைப் பாருங்கள். வலையிலிருந்து எடுத்து, துணியில் ஒற்றி, லேசாக மிதித்த தாளில் திடப்பொருள் நூற்றுக்கு 20 என்று வைப்போம். அதாவது ஒரு கிலோ காய்ந்த தாளுக்கு 4 கிலோ தண்ணீர். அதையே நன்றாகப் பிழிந்து நூற்றுக்கு 40 ஆக்கினால் 1.5 கிலோ தண்ணீர்தான். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றின் வெப்பத்தில் பாதி வீணாகப் போகிறது என்று எடுத்தாலும் (சின்ன உலர்த்திகளில் அப்படித்தான் போகும்) ஏறக்குறைய 110 கிலோ தண்ணீரை ஆவியாக்கலாம். 4ஆல் வகுத்தால் 28 கிலோ தாள் கூட வராது. 1.5ஆல் வகுத்தால் 73 கிலோ. சிலிண்டரும் அதே, பெட்டியும் அதே. பிழிந்ததில் மட்டும்தான் வித்தியாசம்.

இது கைத்தொழிலுக்கு மட்டுமான சங்கதி இல்லை. பெரிய ஆலையில் வலைக்கு வருகிற கூழில் 99 வீதமும் தண்ணீர்தான். வடிந்தும் பிழிந்தும் போனபிறகு உருளைகளில் சூடாக்கி விரட்டுவது மொத்தத் தண்ணீரில் ஒரு சொட்டு, ஆனால் வெப்பச் செலவின் பெரும்பகுதி அந்தச் சொட்டுக்குத்தான். பிரஸ்ஸிலிருந்து வெளிவரும் தாளின் திடப்பொருள் ஒரு புள்ளி கூடினால் உலர்த்தும் நீராவி ஏறக்குறைய நூற்றுக்கு 4 மிச்சம் என்பது ஆலைக்காரர்களின் பழைய கணக்கு. 1980களின் தொடக்கத்தில் ‘ஷூ பிரஸ்’ வந்ததும் உலகம் முழுக்க ஆலைகள் அதில் பணம் போட்டது இதனால்தான். உருளைகளுக்கு நடுவே தாள் நசுங்குகிற கண நேரத்தை அது நீட்டிக் கொடுத்தது. அழுத்தும் நேரம் கூட, தண்ணீர் வெளியேற அவகாசம் கிடைத்தது.

அதே பாடம் நம் லொறி ஜாக்குக்கும் பொருந்தும். இரும்புச் சட்டம் ஒன்றை ஒட்டுக்காரரிடம் சொல்லிச் செய்வித்து, நடுவில் 20 தொன் ஜாக் வையுங்கள். ஏ3 அளவு அடுக்கில் அது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 16 கிலோ அழுத்தம். அதே ஜாக்கை ஏ2 அளவுக்குப் போட்டால் அழுத்தம் பாதியாகிவிடும். பெரிய தாள் எடுக்கப் போய் ‘பிரஸ் சரியில்லை’ என்று குறை சொல்கிறவர்கள் கவனிக்காதது இதைத்தான். தாளுக்குத் தாள் கம்பளித் துணி வையுங்கள். முதல் அழுத்தை மெதுவாகக் கொடுங்கள், தண்ணீர் ஓடுவது சொட்டாக மாறியபிறகு அடுத்தது. அவசரப்பட்டு ஒரேயடியாக இறுக்கினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தாளைக் கிழித்துக்கொண்டு போகும். முழு இறுக்கத்தில் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். கூழ்த் தொட்டியைக் கறுப்பு டாங்கியாக்கி வெயிலில் வையுங்கள். தண்ணீர் 30 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடேறினால் அதன் பிசுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, வடிவதும் பிழிவதும் சுலபமாகிறது. ஆலைகள் பிரஸ்ஸுக்கு முன்னால் தாள் மேல் நீராவி விடுவதும் இதற்காகத்தான். எங்கள் ஊர் வெயிலுக்கு இதைவிட என்ன வேலை?

பிழிந்த தாள் பலமாகவும் இருக்கும். நார்கள் நெருங்கினால்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிழியாமல் சூட்டில் போட்ட தாள் பஞ்சு மாதிரி உப்பி, பேனா வைத்த இடத்தில் மை பரவும்.

இவ்வளவும் செய்தபிறகு மழைக்காலத்தில் ஒரு கூரையும், இரண்டு மின்விசிறியும் போதுமா என்று பாருங்கள். பல பட்டறைகளுக்குப் போதும். போதாவிட்டால் தாராளமாக உலர்த்தி வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. அந்தத் தம்பி பிறகு ஜாக் வாங்கினான். பெட்டி இப்போது பாதி நாள் திறக்கப்படுவதில்லை, கடன் மட்டும் மாதம் தவறாமல் திறந்தே இருக்கிறது.

கூழை மைபோல் அரைப்பது

சமையல் கிரைண்டரில் அரைக்கிறவர்கள், மிருதுவாக வர வர நல்ல தாள் வரும் என்று நினைக்கிறார்கள். கத்தி நாரை வெட்டுகிறது, அடிப்பதில்லை. பொடியான நார் வலையை அடைக்கும், தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், ஜாக் எவ்வளவு இறுக்கினாலும் பிழியாது. கழிவுக் கடதாசியின் நார் ஏற்கனவே பலமுறை காய்ந்து விறைத்துப்போனது, அதை மேலும் நறுக்கினால் மிஞ்சுவது தூள்தான். தாள் பலமில்லாமல் வந்தால் அரைப்பதைக் கூட்டாமல், சலவைச் சோடாவில் அவித்த வாழை நார் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.

வெளியே காய வைக்கிறவர்களுக்கு

ஆடு, மாடு, நகரத்துக்குள் திரிகிற புள்ளிமான். கஞ்சி போட்ட தாள் மூன்றுக்கும் பிடிக்கும்.

உரிமம்

கழிவு நீரைப் பற்றி மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் பிரதேச சபையிடமும் கேட்பதை, மெஷினுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னால் செய்யுங்கள்.

கிணற்றை நம்பி காணி எடுப்பது

வெள்ளைத் தாள் செய்யப் போகிறவர்களுக்குத் தண்ணீரில் இரும்பு இருந்தால் வேறு எதிரி வேண்டாம். காய்ந்த அன்று வெள்ளையாக இருக்கும், சில வாரத்தில் தேநீர் சிந்தியது போலப் புள்ளி விழும். வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போடுவார். காணிக்குக் கையெழுத்து வைக்க முன் கிணற்றில் இறைத்த தண்ணீரை வாயகன்ற போத்தலில் ஊற்றி, திறந்தபடி ஓர் இரவு வையுங்கள். காலையில் செம்மஞ்சளாகக் கலங்கினாலோ அடியில் படிந்தாலோ இரும்பு இருக்கிறது. காற்றுப்பட உயரத்திலிருந்து ஊற்றி, மணல் வடியில் விட்டால் பெரும்பகுதி நின்றுவிடும், அதற்கான தொட்டிச் செலவையும் சேர்த்து வாடகையைப் பேசுங்கள். கடலோரக் காணி என்றால் கச்சான் காலத்தின் கடைசியில் இன்னொரு முறை நாக்கில் வைத்துப் பாருங்கள், மாரியில் நல்ல தண்ணீர் தந்த கிணறு அப்போது உவர்த்திருக்கக்கூடும்.