பழைய பிரியஸ் ஒயில் குடிக்கிறதா? எஞ்சினைப் பிரிக்க முதல் செய்ய வேண்டியவை

வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில், மாங்குளத்துப் பெற்றோல் செற் ஒன்றில் நிறுத்தி, சும்மா ஒரு எண்ணத்தில் பொனற்றைத் திறந்து, ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தேன். நுனியில் அரைத் துளி ஒயில். அவ்வளவுதான். ஒயில் மாற்றி 4,000 கி.மீ. கூட ஆகவில்லை. விளக்கு எதுவும் எரியவில்லை, சத்தம் இல்லை, இழுவையிலும் குறை தெரியவில்லை. வாகனம் 2011ஆம் ஆண்டு டொயோட்டா பிரியஸ், பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்.

ஊருக்கு வந்து இரண்டு கராஜ்களில் கேட்டேன். இரண்டு இடத்திலும் பொனற்றைத் திறக்காமலே "எஞ்சின் மாற்ற வேண்டும்" என்றார்கள். நான் மாற்றவில்லை. இப்போதும் அதே எஞ்சினில்தான் ஓடுகிறேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் இங்கே இருந்த ஹைபிரிட்டுகள் எல்லாம் மாற்ற வழியில்லாமல் ஓடி ஓடி வயதாகிவிட்டன. அதனால் இந்தப் பிரச்சினை இன்றைக்குப் பலருடைய வீட்டு வாசலில் நிற்கிறது. புதிதாக வாகனம் பார்க்கத் தொடங்கியவரும் செய்யக்கூடிய மாதிரி எழுதுகிறேன்.

ஏன் குடிக்கிறது?

2009இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸில் இருப்பது 1.8 லீற்றர் 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்ஈ எஞ்சின். பெற்றோலை மிச்சம் பிடிக்க, உராய்வு குறைந்த, அழுத்தம் குறைந்த பிஸ்டன் றிங்குகளை (சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்களை) போட்டிருக்கிறார்கள். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலை வழித்து இறக்குவது ஒயில் றிங்கின் வேலை. வழித்த ஒயில் பிஸ்டனில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கீழே வடிய வேண்டும். காபன் படிந்து அந்தத் துளைகள் அடைபட்டால் ஒயில் மேலேயே தங்கி, பெற்றோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஹைபிரிட்டில் எஞ்சின் நின்று நின்று ஓடுகிறது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வரும் குறுகிய ஓட்டத்தில் ஒயில் சரியாகச் சூடாவதே இல்லை. காபனும் கசடும் படிய இதைவிட வசதி வேண்டியதில்லை.

படி 1: சரியாகப் பாருங்கள்

சமதரையில் நிறுத்தி, பவர் பட்டனை முழுவதும் அணைத்துவிடுங்கள். டாஷ்போட்டில் "ரெடி" விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எஞ்சின் எந்த நேரமும் தானாக ஓடத் தொடங்கும். சத்தம் இல்லை என்று நம்பிக் கையை உள்ளே விடவே கூடாது. பத்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். முதல் தடவை இழுத்ததை நம்ப வேண்டாம், ஒயில் குழாயின் பக்கத்தில் தொட்டு மேலே வரை பூசியிருக்கும்.

சிவப்பு ஒயில் விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. அது எரியும்போது பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கும். அப்போதும் ஓட்டினால் எஞ்சின் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விடும்.

படி 2: அளந்து எழுதுங்கள்

இதைச் செய்யாமல் ஒருவரிடமும் காசு கொடுக்க வேண்டாம். டிப்ஸ்டிக்கின் மேல் குறி வரை ஒயிலை நிரப்பி, ஓடிய தூரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். 500 கி.மீ.க்கு ஒருமுறை அதே இடத்தில், அதே முறையில் பாருங்கள். 1,000 கி.மீ. வந்ததும் எத்தனை மில்லிலீற்றர் ஊற்றினால் மேல் குறிக்கு வருகிறது என்று அளந்து பாருங்கள். குழந்தைப் பால் போத்தல் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன், அதில் கோடு தெளிவாக இருக்கிறது. ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். 200 மி.லீ. ஊற்றி, சில நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். குறிக்கு மேலே போனால் ஒயில் நுரைத்து, காற்றுவழியாக எஞ்சினுக்குள்ளேயே போய் இன்னும் எரியும்.

டொயோட்டா கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு 1 லீற்றர் வரை போகலாம் என்று எழுதியிருக்கும். என்னைக் கேட்டால் அது மிகவும் தாராளமான கணக்கு. அமெரிக்காவில் இதே நோயால் பேர் கெட்ட 2.4 லீற்றர் டொயோட்டா எஞ்சினுக்கு வைத்த சோதனையில் 1,200 மைலுக்கு ஒரு குவாட் (ஏறக்குறைய ஒரு லீற்றர்)தான் எல்லை, அதாவது 1,000 கி.மீ.க்கு அரை லீற்றர் அளவு. அதையே நான் கோடாக வைத்திருக்கிறேன். 300 மி.லீ.க்குள் என்றால் ஊற்றி ஊற்றி ஓட்டலாம். அரை லீற்றரைத் தாண்டினால் கீழே உள்ளதைச் செய்யுங்கள். ஒரு லீற்றருக்கு மேலே என்றால் றிங் பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

படி 3: கசிகிறதா, எரிகிறதா?

தரையில் சொட்டு இல்லை என்பதால் கசிவு இல்லை என்று ஆகாது. பிரியஸின் அடியில் இருக்கும் பிளாஸ்ரிக் தகடு சொட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி, ஒயில் பில்டர், வடிகால் ஆணி, வால்வு கவரின் ஓரம், டைமிங் கவர் எல்லாவற்றையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள்.

எரிகிறதா என்று பார்க்க எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும். ஹைபிரிட்டில் அதற்குப் பராமரிப்பு மோட் இருக்கிறது. பிறேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்துங்கள். பிறகு 60 விநாடிக்குள், கியரை 'பி'யில் (பார்க்) வைத்து அக்சிலரேற்றரை இரண்டு தடவை முழுவதும் மிதித்து, 'என்'னில் (நியூட்ரல்) இரண்டு தடவை, திரும்ப 'பி'யில் இரண்டு தடவை. அப்புறம் பிறேக்கை மிதித்து ஸ்ரார்ட் செய்தால் எஞ்சின் நிற்காமல் ஓடும். வெளியில், பார்க்கிங் பிறேக் போட்டுச் செய்யுங்கள். ஒருவர் மெதுவாக மிதிக்க, நீங்கள் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலம் என்றால் ஒயில். விடாமல் வெள்ளையாக வந்து இனிப்பு மணம் அடித்தால் கூலன்ற், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். கூலன்ற் போத்தலில் மட்டம் இறங்கி, காலையில் எஞ்சின் உதறிக்கொண்டு ஓடத் தொடங்கினால் அது ஹெட் கஸ்கற் (எஞ்சினின் தலைப் பகுதிக்கும் சிலிண்டர்ப் பகுதிக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு) பக்கத்து வேலை, ஒயிலைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எந்த சிலிண்டர் என்று கறுத்து நனைந்த பிளக்கே சொல்லும். எனக்கு மூன்றாவது.

படி 4: மலிவானதில் தொடங்குங்கள்

பி.சி.வி வால்வு. எஞ்சினுக்குள் எழும் ஆவியை உறிஞ்சி எரிக்க விடும் சின்ன வால்வு இது. திறந்தபடி இறுகிவிட்டால் ஆவியோடு ஒயிலையும் இழுத்துவிடும். குலுக்கினால் உள்ளே சத்தம் கேட்க வேண்டும். இந்த எஞ்சினில் அது காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் இன்ரேக் மனிபோல்ட்டின் அடியில் ஒளிந்திருப்பதால் மனிபோல்ட்டைக் கழற்ற வேண்டும். அதுவும் நல்லதுதான், ஏனென்றால் கழற்றிய கையோடு ஈ.ஜி.ஆர் துளைகளை, அதாவது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் துளைகளை, பார்க்கலாம். என்னுடையதில் நாலில் இரண்டு துளை கரியால் முழுவதும் மூடிக் கிடந்தது, கம்பியால் குத்தித்தான் திறந்தேன். அந்தப் புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர் கூலரையும் கழற்றிக் கழுவுங்கள். அது அடைபட்ட வாகனங்களில்தான் ஹெட் கஸ்கற் அதிகம் போகிறது.

அடுத்தது ஒயில். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். மெல்லிய 0டபிள்யூ-20 ஒயிலுக்குப் பதிலாகக் கொஞ்சம் தடித்த 5டபிள்யூ-30 போட்டுப் பார்க்கலாம், நம் வெயிலுக்கு அது தாங்கும். ஜப்பானில் இருந்து வந்த வாகனம் என்றால் கையேடு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். ஆனாலும் ஒயில் அட்டவணையில் எண்கள் எண்களாகவே இருக்கும், பார்த்து உறுதி செய்யுங்கள்.

படி 5: றிங்கை ஊறவைப்பது

பிளக் துளை வழியாகக் காபன் கரைக்கும் திரவத்தை ஊற்றி, ஒரு இரவு விடும் முறை. பலன் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய மின் மோட்டார். சிலிண்டருக்குள் திரவம் நின்றால் சாதாரண ஸ்ரார்ட்டர் திணறி நின்றுவிடும், இது விடாமல் தள்ளி, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்ரிங் ரொட்டையே வளைத்துவிடும். ஆகவே பின்பக்கத்தில் இருக்கும் 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முடிவில் மிஞ்சிய திரவத்தை நீளக் குழாய் பூட்டிய ஊசியால் நாலு சிலிண்டரிலும் உறிஞ்சி எடுத்து, பழைய ஒயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகே ஸ்ரார்ட் பண்ணுங்கள். கை நடுங்குகிறது என்றால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு லீற்றருக்குக் குறையவில்லை என்றால் பிஸ்டனும் றிங்கும் மாற்ற வேண்டும். ஜப்பானில் இருந்து வரும் பழைய எஞ்சினை வாங்கிப் போடச் சொல்வார்கள். அதற்குள்ளும் இதே றிங்தான் இருக்கலாம். எத்தனை கி.மீ. ஓடியது என்று கேட்பதோடு நிற்காமல், பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஒயில் எரித்துக்கொண்டே நீண்ட நாள் ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் கெடும், அதன் செலவையும் கணக்கில் சேருங்கள்.

என் வாகனம் தொடக்கத்தில் 1,000 கி.மீ.க்கு 720 மி.லீ. குடித்தது. வால்வு மாற்றி, துளைகளைத் திறந்து, இரண்டு ஒயில் மாற்றம் முடிந்த பிறகு 380இல் நிற்கிறது. ஊறவைக்கவில்லை. பின்பக்கப் பெட்டியில் ஒரு லீற்றர் ஒயிலும் பால் போத்தலும் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு இரண்டாவது தடவை பெற்றோல் அடிக்கும்போதும் கொப்பியை எடுத்துவிடுவேன்.