தண்ணீர்விட்டான் கொடி: பார்ப்பதிலும் நடுவதிலும் தோண்டுவதிலும் செய்யும் தவறுகள்

தண்ணீர்விட்டான் கொடியை நேரில் பார்த்தவர்களிடம் இலை எப்படி இருக்கும் என்று கேட்டால், ஊசி மாதிரி மெல்லிசாக, லேசாக வளைந்து, கொத்துக்கொத்தாக இருக்கும் என்பார்கள். முதல் தவறு அங்கேயே வந்துவிடுகிறது, ஏனென்றால் அது இலையே இல்லை. பச்சையாக இருந்து உணவு தயாரிக்கும் அந்த ஊசிகள் எல்லாம் தண்டின் கிளைகள்தான். தாவரவியலில் கிளாடோடு என்பார்கள். நிஜமான இலையைப் பார்க்க வேண்டுமா, ஒரு கணுவைப் பிடித்துக்கொண்டு கொத்து கிளம்பும் இடத்தை உற்றுப் பாருங்கள், காய்ந்த சருகு போல ஒரு சின்னச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் இலை. முதிர்ந்த தண்டில் அந்தச் செதிலின் அடிப்பாகமே கெட்டியாகி முள்ளாக நிற்கும். அந்த முள்ளை வைத்துத்தான் கொடி பக்கத்துப் புதரில் மாட்டிக்கொண்டு ஏறுகிறது.

இதைத் தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று தோன்றலாம். ஆனால் மெல்லிய ஊசி இலை என்ற ஒரே அடையாளத்தை நம்பி நர்சரியில் வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். பூங்கொத்தில் வைக்கிற ஆஸ்பராகஸ் ஃபெர்ன் தென்னாப்பிரிக்கப் பக்கத்துச் செடி, பெயரில் ஃபெர்ன் இருந்தாலும் பெரணி கிடையாது, பூத்துக் காய்க்கும் செடிதான். அதன் ஊசிகள் முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், கிளை முழுக்கத் தட்டையாக விசிறி போல விரியும். தொங்கு தொட்டியில் வளர்க்கிற ஸ்ப்ரெங்கேரி வகையும் தென்னாப்பிரிக்காதான். அதன் வேரில் உருண்டை உருண்டையாக நீர்க்கிழங்கு இருப்பதைப் பார்த்து இதுதான் சதாவரி, அதாவது தண்ணீர்விட்டான், என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் செடி, அதாவது ஜெர்மன் தாவரவியலாளர் வில்டெனோ 1799-இல் ஆஸ்பராகஸ் ரசிமோசஸ் என்று பெயரிட்ட செடி, இமயமலை அடிவாரத்துக் காடுகளிலிருந்து தமிழ்நாட்டுக் குன்றுகள், இலங்கை வரை தானாக வளர்வது. அதன் வேர் உருண்டையாக இருக்காது. விரல் தடிமனில், இரு முனையும் கூம்பி, நீளமாக, ஒரு கொத்தாக இறங்கும்.

அந்த வேரைக் கிழங்கு என்று நினைப்பதால் வருவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். உருளைக்கிழங்கு பூமிக்குள் இருக்கும் தண்டு, அதில் கண் இருக்கும், வெட்டி நட்டால் முளைக்கும். தண்ணீர்விட்டானில் நாம் தோண்டுவது சுத்தமாக வேர், தண்ணீரைச் சேர்த்து வைக்கிற வேர், அதில் கண்ணே கிடையாது. ஆசையாக ஒரு துண்டை வாங்கிவந்து தொட்டியில் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகும், அவ்வளவுதான். முளைக்கும் மொட்டெல்லாம் வேர்கள் ஒன்றுசேரும் தூரில் இருக்கிறது. தூரைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மொட்டும் இரண்டு மூன்று வேரும் இருக்கும்படி நட வேண்டும். இல்லையென்றால் விதை. பழம் நன்றாகச் சிவந்தபின் பறித்துப் பிசைந்து கழுவினால் கறுப்பு விதை கிடைக்கும். தோல் கெட்டி, அதனால் ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள், அப்புறம் சில வாரமாவது பொறுமையாக இருங்கள். தண்ணீர் தேங்காத மண்ணாக இருப்பது முக்கியம்.

இன்னொரு குழப்பம், ஆண் செடி பெண் செடி. காய்கறியாகச் சாப்பிடுகிற ஆஸ்பராகஸில் அது உண்மை, ஆண் தனி பெண் தனி. இதில் அப்படி இல்லை. வெள்ளை வெள்ளையாக, வாசனையோடு, மிளகைவிடச் சின்னதாகப் பூக்கிற ஒவ்வொரு பூவிலும் ஆறு இதழும் ஆறு மகரந்தத்தாளும் நடுவில் சூலகமும் சேர்ந்தே இருக்கும். ஆண் செடி தேடி அலைய வேண்டாம்.

வறட்சியில் கொடி மஞ்சளடித்துக் காய்ந்துவிட்டால் செத்துப்போச்சு என்று பிடுங்கிவிடாதீர்கள். மேலே காய்ந்தாலும் கீழே தூர் உயிரோடு இருக்கும், மழை வந்ததும் ஊசிகள் இன்னும் விரியாத தடித்த குருத்து ஒன்று மண்ணைப் பிளந்து வரும். நேபாளத்தில் அந்த இளங்குருத்தைக் குரிலோ என்று சந்தையில் வாங்கிச் சமைக்கிறார்கள். கொடி காய்ந்ததே என்று பயந்து அப்போது போய்த் தினம் தண்ணீர் ஊற்றுவதும் தவறுதான்.

காட்டில் தோண்டுபவர்கள் செய்வது இதைவிட மோசம். தூரோடு சேர்த்து மொத்தமாகப் பெயர்த்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அந்தச் செடி முடிந்தது. வேண்டிய வேரைப் பக்கவாட்டில் அறுத்து எடுத்துக்கொண்டு, தூரையும் சில வேரையும் விட்டு மண்ணை மூடுங்கள், திரும்பத் தழைக்கும். சொந்தத் தோட்டத்தில் நட்டவர்கள் குறைந்தது ஒன்றரை ஆண்டாவது பொறுக்க வேண்டும், ஆறு மாதத்தில் தோண்டினால் கையில் கிடைப்பது நார்தான். மேலே கொடியைப் பார்க்காமல், மண்ணில் கிடைத்த கிழங்கை மட்டும் வைத்து அடையாளம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். அதே புதர்க்காடுகளில் செங்காந்தளும் வளர்கிறது, அதன் கிழங்கில் உள்ள கோல்சிசின் ஆளைக் கொல்லும் விஷம்.

காய்ந்த வேரை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பச்சை வேரை லேசாக வேகவைத்து, தோலை உரித்து, நடுவில் ஓடுகிற கெட்டி நரம்பை உருவி எடுத்துவிட்டுத்தான் காயப்போடுவார்கள். நரம்போடு இருந்தால் இடிக்கும்போதே நார் நாராகத் தெரியும். இதற்குப் பதிலாக வெள்ளை முஸ்லி போன்ற வேறு செடிகளின் வேரும் கலந்து வருவதுண்டு, பொடியாக்கிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால் பொடி வாங்காதீர்கள், முழு வேராக வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்ளுங்கள்.