பெர்ல் டீபக்கர்ல டெர்மினல் வார்னிங் வந்தா இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

குழித்துறைல ரயிலேறி கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போற நம்ம ஊரு பிள்ளைங்க அடிக்கடி என்ட்ட கேக்குறது இதுதான்: அண்ணே, பெர்ல் மொழில எழுதுன ஸ்கிரிப்டை மைனஸ் டி போட்டு, அதாவது வரி வரியா ஓட்டி தப்பு தேடுற டீபக்கர்ல ஓட்டுனா 'கேனாட் ஃபைண்ட் டெர்ம்கேப்'னு வருது, கோடுல எங்க தப்பு? கோடுல ஒண்ணும் இல்ல மக்கா. நீங்க அடிக்கிற கமாண்டை வாங்குறதுக்கு டீபக்கர் டெர்ம் ரீட்லைன்னு ஒரு மாட்யூலை எடுத்துக்கிடும், அது ப்ராம்ப்டை அடிக்கோடு போட்டுக் காட்டணும்னு டெர்மினல் விவரத்தைத் தேடும் (அந்த விவரப் பட்டியல்தான் டெர்ம்கேப்), கிடைக்கலைன்னா அந்த வார்னிங், அவ்வளவுதான். இது தெரியாம ஸ்கிரிப்ட்ல இருக்குற யூஸ் வார்னிங்ஸ் வரியையே தூக்கிடுறாங்க பாருங்க, அதுதான் மோசமான தப்பு. தேவையான வார்னிங் போயிடும், இது போகாது.

மொதல்ல உங்க டெர்மினல் எந்த வகைன்னு சொல்ற டெர்ம்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல என்ன இருக்குன்னு பாருங்க, காலியா இருக்கலாம், இல்ல அந்த சர்வருக்கே தெரியாத பேரா இருக்கலாம். டாக்கர் மாதிரி சின்ன கன்டெய்னர்ல டெர்ம்கேப் ஃபைலும் இருக்காது, அந்த விவரத்தை எடுத்துக் கொடுக்குற இன்ஃபோகம்ப் கமாண்டும் இருக்காது, அப்பவும் இந்த வார்னிங் வரும். அதுக்காக ஷெல் தொடங்கும்போது படிக்கிற பாஷ்ஆர்சி ஃபைல்ல டெர்முக்கு எக்ஸ்டெர்ம் 256 கலர்னு நிரந்தரமா எழுதி வைக்காதீங்க, ஒரே டெர்மினல்ல பல ஸ்கிரீன் திறக்குற டிமக்ஸ் உள்ள போனா ஸ்கிரீன் கலைஞ்சு நிக்கும்.

மேல் அம்புக்குறி அமுக்குனா பழைய கமாண்ட் வராம ஏதோ குறியா விழுதுன்னா அது வேற கதை. பெர்லோட கூட வர்றது ஸ்டப்னு ஒரு வெறும் மாட்யூல்தான், பழைய கமாண்டை எடுத்துக் காட்டுற க்னூ ரீட்லைன் மாட்யூலை நாமதான் போடணும், அதுக்கு ரீட்லைனோட டெவலப்மென்ட் ஹெடர் இல்லாம பெர்ல் மாட்யூல் கிடங்கான சிபான்ல இறங்குனா இன்ஸ்டால் ஆகாம பாதில நிக்கும். உபுண்டுல ஆப்ட் வழியா போட்டா சிஸ்டம் பெர்லுக்கு மட்டும்தான் சேரும், பல பெர்ல் வெர்ஷனை தனித்தனியா போட்டுத் தர்ற பெர்ல்ப்ரூல வச்சிருக்க பெர்லுக்கு அது தெரியவே தெரியாது, உடனே ஒரு வெர்ஷனுக்கு கம்பைல் ஆனதை மாட்யூல் தேடுற லிப் பாத்தை மாத்தி இன்னொரு வெர்ஷனுக்குக் காட்டுறது ரொம்பத் தப்பு, பைனரி மிஸ்மேட்ச்னு சொல்லி அங்கேயே நின்னுடும். ஒவ்வொரு பெர்லுக்கும் தனியா போடுங்க.

அடிக்கோடு வேண்டாம்னா பெர்ல் அண்டர்ஸ்கோர் ஆர்எல்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல 'ஓ ஈக்வல் ஜீரோ' கொடுக்கலாம், ஆனா முன்னாடி ஒரு ஸ்பேஸ் கட்டாயம் விடுங்க, விடலைன்னா அதையே மாட்யூல் பேருன்னு நினைச்சுக்கிடும்.

இன்னொண்ணு, ஹோம் ஃபோல்டர்ல வைக்கிற டாட் பெர்ல்டிபிங்கிற டீபக்கர் செட்டிங் ஃபைலுக்கு, யாரு வேணாலும் மாத்தலாம்ங்கிற 777 பெர்மிஷன் கொடுத்தா டீபக்கர் பாதுகாப்பு இல்லன்னு படிக்கவே மாட்டேன்னுடும், 644 போதும்.